குரோக்கஸுக்குப் பிறகு வந்த இலை

எங்கள் வயதுக்காரருக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. இந்தச் சுவிஸ் நாட்டில் பிறந்து, வீட்டில் தமிழும் வெளியில் பிரெஞ்சோ ஜெர்மனோ கதைத்து, இரண்டாயிரத்து ஒன்பதின் வசந்தத்தைத் தாய் தகப்பனின் முகத்தைப் பார்த்தே கழித்த பிள்ளைகள் நாங்கள். இப்போது எங்களில் சிலருக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கலியாண வீடுகளில் சந்தித்தால் வாடகையைப் பற்றியும் முதுகு நோவைப் பற்றியும் கதைக்கிறோம். அந்த வசந்தத்தைப் பற்றிக் கதைப்பதில்லை. கதைத்தாலும் ஜெனீவா, கொடி, குளிர், ஐ.நா. முன்றலில் மூன்று காலில் நிற்கும் அந்தப் பெரிய மரக்கதிரை என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம்.

எனக்கு அந்த வசந்தம் என்றதும் முதலில் வருவது ஒரு பூ. பிறகு ஒரு இலை.

நாங்கள் அப்போது லா ஷோ-து-ஃபோன் என்கிற மலை நகரத்தில் இருந்தோம். நேர்கோடு போட்டதுபோல் தெருக்கள், எல்லாம் ஒரே உயரமான வீடுகள், ஏப்ரல் வரைக்கும் ஓரங்களில் கறுத்துக் கிடக்கும் பனி. அப்பா மணிக்கூட்டு முகப்புகள் செய்கிற தொழிற்சாலையில் வேலை. அம்மா வயோதிபர் இல்லத்தில் துப்புரவு வேலை. எங்கள் வீட்டு சோபாவில் மாமா படுத்தார். அம்மாவின் தம்பி. அவருடைய அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வராத காலம். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். மாமியும் அவர்களின் மகளான என் மச்சாளும் யுத்தம் நடந்த வன்னிக்குள் இருந்தார்கள். மச்சாளை நான் படத்தில் மட்டும்தான் கண்டிருந்தேன். முன்பல் இரண்டும் இல்லாமல் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற படம்.

தை மாதத்தோடு அவர்களிடமிருந்து தொலைபேசி நின்றுவிட்டது. மாமா கோலிங் கார்ட்டைச் சுரண்டுகிற சத்தம் எனக்கு இப்பவும் காதில் கேட்கும். சுரண்டி, இலக்கங்களை அழுத்தி, காதில் வைத்துக்கொண்டு நிற்பார். எதிர்ப்பக்கம் ஒன்றும் இருக்காது. அந்த வெள்ளித் தூள் மேசையிலும் அவருடைய நகத்துக்குள்ளும் ஒட்டிக்கிடக்கும். தொலைக்காட்சி நாள் முழுக்க ஓடும். நான் அந்த அறைக்குள் போனால் அம்மா சத்தத்தைக் குறைப்பார். படத்தை நிறுத்தமாட்டார்.

பனி உருகத் தொடங்கிய கிழமையில் எங்கள் வகுப்பு ஆசிரியை ஒரு வேலை தந்தார். நகரத்துக்கு மேலே உள்ள மேய்ச்சல் நிலத்தில் குரோக்கஸ் பூக்கும். அது பூக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு முதலில் வருகிற உயிர் எது என்று பார்த்து வந்து சொல்லவேண்டும். பிடுங்கக்கூடாது. பெரியவர் ஒருவரோடுதான் போகவேண்டும்.

அப்பாவைக் கேட்டேன். "இந்த நேரத்திலயோ?" என்றார். அம்மாவைக் கேட்டேன். அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாமாதான் சோபாவிலிருந்து எழும்பி, சப்பாத்தைப் போட்டார்.

"வா பிள்ளை. என்ன பூ?"

அப்பாவின் தொழிற்சாலைப் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனோம். கண் குழிக்குள் செருகிப் பார்க்கிற சின்னக் கறுப்புக் குழாய். அப்பாவுக்கு அது கண்ணைப் போல. அதை எடுத்துப் போக அவர் விட்டதே, அந்த நாட்களில் அவருக்கு எதிலும் கவனம் இல்லை என்பதற்குச் சாட்சி.

மேலே புல்லெல்லாம் மஞ்சளாகப் படுத்துக் கிடந்தது, ஆரோ பாரமான ஒன்றை அதன் மேல் வைத்து எடுத்ததுபோல. பனித் திட்டு முடிகிற விளிம்பில், சில இடங்களில் பனியையே துளைத்துக்கொண்டு, குரோக்கஸ் நின்றது. வெள்ளைதான் கூட. இடைக்கிடை ஊதா. தண்டு என்று சொல்ல ஒன்றுமில்லை, நிலத்திலிருந்து நேரே ஒரு வெள்ளைக் குழல், அதன் மேலே ஒரு கிண்ணம். ஆசிரியை சொன்னதை நான் ஒவ்வொன்றாக மாமாவுக்குக் காட்டினேன். இதழ் ஆறு. உள்ளே மகரந்தக் காம்பு மூன்று, மூன்றேதான். நடுவில் செம்மஞ்சளாகக் கிழிந்த ஒரு நாக்கு. பக்கத்தில் புல்லைப் போல மெல்லிய இலை, ஆனால் நடுவில் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோடு இருந்தால் குரோக்கஸ்.

மாமா ஈரத்தில் முழங்காலைக் குத்தி, கண்ணாடியைக் கண்ணில் செருகி, நெடுநேரம் பார்த்தார்.

"உள்ள ஆரோ இருக்கினம்," என்றார்.

கிண்ணத்துக்குள் ஒரு பெரிய வண்டு. மயிர் அடர்ந்த கறுப்பு உடம்பு, பின்பக்கம் வெளிறிய நிறம். அசைவில்லை. செத்துவிட்டதென்று நினைத்தேன். மாமா வாயைக் கிட்டக் கொண்டுபோய் மெல்ல ஊதினார். ஒரு கால் அசைந்தது. இன்னொரு கால். பிறகு முழு உடம்பும் நடுங்கத் தொடங்கியது. மகரந்தத் தூள் மயிரெல்லாம் மஞ்சளாகப் பிடித்திருந்தது.

அது பெரிய தேனீ இனத்தில் ஒரு ராணி என்று ஆசிரியை பிறகு சொன்னார். ஆண்களும் வேலைக்காரத் தேனீக்களும் முதல் குளிரிலேயே செத்துப்போக, ராணி மட்டும் தனியே மண்ணுக்குள் கிடந்து குளிர்காலத்தைத் தாண்டும். வெளியே வருகிறபோது உடம்பில் ஒன்றும் மிச்சமிராது. மற்றப் பூக்கள் திறக்க இன்னும் கிழமைகள் இருக்கும். அந்த நேரத்தில் குரோக்கஸ் இல்லையென்றால் அது அன்றைக்கே சாகும். அது செத்தால் அந்தக் கோடையில் ஒரு கூடு இல்லை. முகில் மூடினால் பூ தன் இதழைக் கூம்பிக்கொள்ளும், ராணி உள்ளே தங்கிவிடும். கீழே பெட்டிகளில் வளர்க்கிற தேனீக்களும் வெயில் எறிக்கிற மதியத்தில் இதற்குத்தான் வரும். எலிகூட மண்ணுக்குள் போய் அந்தக் கிழங்கைத் தின்னும்.

மாமாவிடம் அதைச் சொன்னபோது, "தனியத் தப்பி வந்ததுக்கு எண்டே பூக்குது," என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் அடிக்கடி போனோம். ஒரு நாள் நான் அவருக்கு இன்னொன்றும் சொன்னேன். இதே மாதிரி ஒரு பூ புரட்டாதியில் வரும், பெயர் கொல்சிக். பார்க்கக் குரோக்கஸ் போலவே இருக்கும். ஆனால் உள்ளே காம்பு ஆறு. உச்சியிலிருந்து கிழங்கு வரைக்கும் நஞ்சு. அதன் பூ வருகிறபோது இலை இராது. இலை வருகிறபோது பூ இராது.

"இலையும் பூவும் ஒண்டையொண்டு காணாதோ?"

"காணாது மாமா."

அவர் கீழே நகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பிடியும் சீவிக்கலாம்போல," என்றார்.

ஆசிரியை எங்களுக்குக் காட்டியது பூவின் படம் மட்டும்தான். அந்த இலை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது.

சித்திரையில் மாமா வேலை செய்த உணவகத்தில் பெட்டி பெட்டியாக ஒரு இலை வந்தது. கரடிப் பூண்டு என்று பொருள்படுகிற பிரெஞ்சுப் பெயர் அதற்கு. அகலமான பச்சை இலை, கசக்கினால் வெள்ளைப்பூண்டின் உள்ளி மணம். காட்டு ஓரங்களில் சும்மா முளைப்பது, சனம் பையோடு போய்ப் பிடுங்கும். சமையற்காரர் அதில் சூப் வைத்தார். மாமா ஒரு பிடியை வீட்டுக்குக் கொண்டுவந்து, குறுணியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டு வறை செய்தார். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "டேய், முருங்கையிலை வறைக்கு உள்ளி தட்டிப் போட்ட மாதிரியெல்லோ கிடக்கு," என்றார். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் சாப்பாட்டைப் பற்றி ஒருவர் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

பிறகு செய்தி இன்னும் மோசமானது. மாமா சாப்பாட்டைக் குறைத்தார். தட்டில் போட்டதைக் கிண்டிவிட்டு எழும்பினார். கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கியது. குரோக்கஸ் முடிந்து, மேய்ச்சல் நிலம் முழுக்கப் பச்சையாகிவிட்டது. நாங்கள் அங்கே போவதும் நின்றது. அப்பாவும் அம்மாவும் தாழ்ந்த குரலில் கதைத்துக்கொள்வது எனக்குக் கேட்கும்.

"அவனைத் தனிய விடாதே."

"ஏன் அப்பிடிச் சொல்லுறியள்?"

"அவன்ர கண்ணைப் பாத்தனீயோ?"

மாமா தன்னையே ஏதும் செய்துகொள்வாரோ என்ற பயம் வீட்டுக்குள் வந்த பிறகு, மாமா குளியலறைக் கதவைப் பூட்டினால்கூட அம்மா வெளியே வந்து நிற்பார். மாமாவின் கண்ணை நானும் பார்க்கத் தொடங்கினேன்.

வைகாசியில் ஒரு நாள் நாங்கள் மூவரும் ஜெனீவா போனோம். மாமாவையும் கூப்பிட்டார்கள். "ஏலாது அத்தான், கால் நிக்காது," என்றார். அவரைத் தனியே விட அம்மாவுக்கு மனமில்லை. அப்பா, "ஒரு பகல்தானே," என்றார்.

அங்கே சனம் நிறைந்து கிடந்தது. எல்லோரும் கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போய் நின்றார்கள். அப்பாவின் மொபைல் மதியத்துக்கு முதலே சார்ஜ் இறங்கி அணைந்துவிட்டது. அம்மாவிடம் மொபைல் இல்லை. பின்னேரம் ஆகிறபோது மாமாவின் ஊர்க்காரர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். அப்பாவின் முழங்கையைப் பிடித்து ஒரு பக்கம் கூட்டிப்போனார். அவர் வாய் அசைவதும் அப்பா தலையைக் குனிவதும் தெரிந்தது. மாமியும் பிள்ளையும் இருந்த பதுங்குகுழியில் செல் குண்டு விழுந்ததாம். ஒருவரும் மிஞ்சவில்லையாம். கண்டவர் சொல்லி இன்னொருவர் சொன்னதாம்.

ரயிலில் அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வந்தார். அப்பா ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "இண்டைக்குச் சொல்லவேண்டாம். அவன் தாங்கமாட்டான்." ஏரி ஒரு பக்கம் நீலமாக வந்துகொண்டே இருந்தது. எனக்குப் பசித்தது. பசிக்கிறது என்று சொல்லப் பயமாக இருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. தேங்காய்ப்பூ வறுபட்ட மணம் வந்தது. மேசையில் தட்டுகள் வைத்து, நடுவில் சோறு, பருப்பு, முட்டைப்பொரியல், ஒரு சட்டியில் பச்சை வறை. எல்லாம் மூடி வைத்திருந்தது. மாமா மதியம் சாப்பிட்ட தட்டு மட்டும் கழுவுதொட்டியில் கிடந்தது. மாமா அப்படி ஒரு சமையல் செய்து மாதங்கள் ஆகியிருந்தன. நான் மூடியைத் திறந்து விரலால் வறையைக் கிள்ளினேன்.

"கை கழுவாமல் வைக்காதே!" என்று அம்மா கையில் தட்டினார். கிள்ளியது சட்டிக்குள்ளேயே விழுந்தது.

அப்போதுதான் குளியலறையிலிருந்து அந்தச் சத்தம். ஓங்காளித்துச் சத்தி எடுப்பது. எடுக்க ஒன்றும் இல்லாமல் உடம்பு தன்னையே வெளியே தள்ளப் பார்ப்பது போன்ற சத்தம்.

மாமா நிலத்தில் கிடந்தார். முகம் சாம்பல் நிறம். அம்மாவைக் கண்டதும் எதையோ சொல்ல வாயெடுத்தார், திரும்பச் சத்தி வந்தது. அப்பா கதவடியில் நின்று முதலில் மாமாவைப் பார்த்தார். திரும்பி மேசையை, அடுக்கி வைத்திருந்த தட்டுகளைப் பார்த்தார். பிறகு என்னை. நான் அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. அவர் வந்து என் வாயை விரலால் திறந்து உள்ளே பார்த்தார்.

"விழுங்கினியோ? சொல்லு! விழுங்கினியோ?"

அம்புலன்ஸுக்கு எடுத்தது நான்தான். வீட்டில் பிரெஞ்சு ஒழுங்காகக் கதைக்கிறது நான்தான். ஆஸ்பத்திரியிலும் டாக்டருக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் நின்றேன். உங்களில் பலரும் அப்படி எங்கேயாவது நின்றிருப்பீர்கள். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். இலை என்று சொன்னேன். என்ன இலை? கரடிப் பூண்டு. டாக்டர் மிச்சம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்.

அப்பாவும் நானும் வீட்டுக்கு ஓடி, சட்டியையும் குப்பைப் பையையும் கொண்டுவந்தோம். டாக்டர் கையுறை போட்டு, குப்பைக்குள் கிடந்த இலைகளை வெள்ளைத் துணியில் விரித்தார். கணினியில் ஒரு படத்தைத் திறந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு வகை இலை. ஒன்றுக்குத் தனித் தனிக் காம்பு, மெல்லிய இலை. மற்றது தடித்தது, காம்பில்லாமல் ஒரே இடத்திலிருந்து கட்டாக எழும்புவது, நடுவில் பச்சைக் காய். துணியிலும் இரண்டு வகையும் கிடந்தன. இரண்டாவதின் பெயரை வாசித்தேன்.

கொல்சிக்.

குரோக்கஸ் பூத்து முடிந்த அதே நிலத்தில், காட்டு ஓரத்து ஈரத்தில், அது இலையாக வந்திருக்கிறது.

டாக்டர் குரலைத் தாழ்த்தி இன்னொரு கேள்வி கேட்டார். அதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. "மாமா சாகவேணும் எண்டு சாப்பிட்டவரோ எண்டு கேக்கினம்." அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்பா, "தெரியாது எண்டு சொல்லு," என்றார்.

நான் சொன்னேன், இரண்டும் கலந்து கிடக்குது அப்பா, பிழையாய்ப் பிடுங்கியிருக்கிறார் என்று.

"மணத்தில தெரியாதோ? மற்றது மணக்காதெல்லோ?"

நான் சின்ன ஆள். ஆனாலும் செய்து பார்த்தேன். கையுறை வாங்கிப் போட்டு நல்ல இலையைக் கசக்கினேன், உள்ளி மணந்தது. அதே விரலால் மற்றதைக் கசக்கினேன், அதுவும் உள்ளி மணந்தது. அப்பாவின் மூக்கடியில் பிடித்தேன். அவர் முகத்தைத் திருப்பினார்.

"அந்தச் செடி நஞ்செண்டு அவனுக்கு ஆர் சொன்னது? நீதானே சொன்னனீ? ராச்சாப்பாட்டில வைச்சுச் சொன்னவன், பிள்ளை சொன்னாள் எண்டு. தெரிஞ்சுதான் செய்திருக்கிறான். செய்தி ஆரோ சொல்லிப்போட்டினம். தான் மட்டும் போகாமல்..." அப்பா சட்டியை நோக்கிக் கையை நீட்டினார். பிறகு அந்தக் கையை என் தலையில் வைத்தார்.

அப்பாவின் மொபைலைச் சார்ஜில் போட்டபோது வீட்டு இலக்கத்திலிருந்து வந்த தவறிய அழைப்புகள் வரிசையாகத் தெரிந்தன. மதியத்துக்கு முன், கூட்டத்தின் இரைச்சலில் அப்பாவுக்குக் கேட்காமல் போனவை. "கடைசியா எங்களைக் கூப்பிட்டுப் பாத்திருக்கிறான்," என்றார் அப்பா. அம்மா அதை நம்பினார். அவர்களுக்கு அது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்தது.

மறுநாள் மாமாவுக்குக் கொஞ்சம் தெளிந்தது. அந்த நஞ்சு அப்படித்தான், இடையில் ஒரு முறை விட்டுக்கொடுப்பதுபோல் காட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அதை அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. சொல்லத் தெரிந்த தமிழ் என்னிடம் இருக்கவில்லை.

"உள்ளி இலைதானே பிள்ளை அது?" என்று மாமா கேட்டார். "மணம் இருந்ததே."

"கொஞ்சம் மாறிப்போச்சு மாமா."

அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்தார். "அக்கா, அதுகள் இருக்குதுகள். முகாமுக்கு வந்திட்டுதுகள். பிள்ளை என்னோட கதைச்சது."

அம்மாவின் முகம் கோணியது. அப்பா அம்மாவின் தோளை அமத்தி, தலையாட்டச் சொல்வதுபோல் அமத்தி, வைத்திருந்தார். "ஓமடா தம்பி," என்றார் அம்மா. "இருக்கினம். நல்லா இருக்கினம்." நோயாளியைத் தடவிக்கொடுக்கிற குரல் அது. மாமாவுக்கு அது விளங்கியது. அவர் அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"மெய்யாத்தான், பிள்ளை," என்றார்.

நடைபாதையில் அப்பா சொன்னார்: "அறிவு கலங்கிட்டுது. பிழையாய்ப் பிடுங்கினதெண்டு சொல்லுறதும் எங்களுக்கு வெக்கப்பட்டுத்தான்."

அதற்கடுத்து வந்த நாட்களில் அவருடைய உடம்பின் உள்ளே ஒவ்வொன்றாக நின்றது. யுத்தம் முடிந்தது என்று தொலைக்காட்சி சொன்ன அதே கிழமையில் மாமா போனார். வந்தவர்களுக்கு நெஞ்சு வருத்தம் என்று சொன்னார்கள். எல்லோரும் நம்பினார்கள். அந்தக் கிழமையில் எந்தத் தமிழனுக்கும் நெஞ்சு வெடிக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றியது. அப்பா வீட்டிலிருந்த சட்டி முட்டி எல்லாவற்றையும் கறுப்புப் பைகளில் கட்டி எறிந்தார். பூதக்கண்ணாடியும் அதற்குள் போயிருக்க வேண்டும், பிறகு நான் அதைக் காணவில்லை. மாமாவின் பெயரை அவர் சொல்வதை நிறுத்தினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. என் கை அந்தச் சட்டிக்குள் இருந்ததைக் கண்டவர் அவர்.

கோடை விடுமுறையில் ஒரு பகல் தொலைபேசி அடித்தது. அப்பாவும் அம்மாவும் வீட்டில் இருந்தார்கள். கிட்ட நின்ற நான் எடுத்தேன். முதலில் ஒரே இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல், யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல் அமத்தி.

"அக்கா வீடோ? நான் மாமி கதைக்கிறன். மாமா நிக்கிறாரோ, பிள்ளை?"

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன்.

"அண்டைக்கு ஒருக்கா எடுத்துக் கதைச்சனாங்கள், வந்து சேந்திட்டம் எண்டு. இவளோடயும் கதைச்சவர். நீங்கள் எல்லாரும் ஜெனீவாவுக்குப் போட்டியளாம், போன் எடுபடேல்லையாம். நல்ல சமையலா வைச்சுப்போட்டு, வந்த உடனை சொல்லப்போறன் எண்டவர். அதுக்குப் பிறகு எங்களுக்குப் போன் கிடைக்கேல்லை... பிள்ளை? கேக்குதோ?"

நான் ரிசீவரை அம்மாவிடம் நீட்டினேன். "மாமி," என்றேன். அம்மா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். காதில் வைத்தார். அப்படியே நிலத்தில் இருந்தார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, "தம்பி வேலைக்குப் போட்டான்," என்றார். உண்மையைச் சொல்ல அவருக்கு இன்னும் ஒரு அழைப்பு வேண்டியிருந்தது. அதைக் கேட்கவிடாமல் என்னை வெளியே அனுப்பினார்கள். ஆனால் இந்த முதல் அழைப்பின்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்டைக்கு அவன் உன்னோட எப்பிடியடி கதைச்சவன்?"

எதிர்ப்பக்கம் மாமி ஏதோ சொன்னார். லைன் அறுந்தது. அம்மா ரிசீவரை வைக்கவில்லை. அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னவாம்?" என்று கேட்டார்.

அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சவனாம்."